இடது காதுப் பாட்டு

எனக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சுத்தப் பொய். காரணம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு இருந்த காரணம், பத்தாவது படிக்கிற என் மகள் சோபாவில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் கேட்ட ஒரு கேள்வி.

"உங்க காலத்து கேம்ல மியூசிக்னு ஒண்ணு இருந்துச்சாப்பா? கீ கீன்னு கத்தும், அவ்ளோதானே?"

என்னிடம் போய் இதைக் கேட்கலாமா? நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் வரை மெஷின் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் என் வாயில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். டுண்டுக்கு டுடூ, டுண்டுக்கு டுடூ, டா. சின்ன வயதில் டிவி கேமில் கேட்டது. என் லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். அந்த கேம் கடைக்கு வந்தபோது அவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள். இருந்தாலும் டார்கெட் முடிந்த நாளில் பஸ்ஸின் பின் சீட்டு மொத்தமும் அதைத்தான் பாடும். ஒருமுறை மானேஜர் ஒரு பெண்ணை நிறுத்தி, "இது எந்தப் படத்துப் பாட்டும்மா?" என்று கேட்டார். "சூப்பர்வைசர் சார் படம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட பாட்டுக்கு வாரிசான ஆளிடம் வந்து கீ கீ என்றால்? டீ டம்ளரை ஓங்கி வைத்தேன்.

"சரி, உன் கேம்ல வர்ற பாட்டைப் பாடு பாக்கலாம்" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான். தினம் ரெண்டு மணி நேரம் ஆடுற இல்ல? ஒரு வரி பாடு, போதும்."

எழுந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். "அது வந்து... டூம்னு வரும்... அப்பறம் வயலின் மாதிரி..." என்று கையை ஆட்டினாள். பாட்டு வரவில்லை. நான் சிரித்த சிரிப்பில் சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

மகள் விடவில்லை. அவள் கேமுக்குப் பெரிய குழுவே உட்கார்ந்து வாசித்திருக்கிறதாம். நாம் நடந்தால் ஒரு மாதிரி, ஓடினால் வேறு மாதிரி, எதிரி பக்கத்தில் வந்தால் தாளம் வேகமாகிவிடுமாம். நாம் ஆடுகிறதைப் பார்த்துப் பார்த்து இசை மாறுமாம். "உங்களுது ஒரே டியூன் சுத்திச் சுத்தி வரும். அதனால மண்டையில ஒட்டிக்குது. அது இன்னா பெரிய சாமர்த்தியம்?" என்றாள்.

"அத்தினி பேர் சேர்ந்து வாசிச்சும் உனக்கு ஒரு வரி ஞாபகம் இல்லையேம்மா!"

"எப்படி இருக்கும்? ஷூவைக் கழட்டும்போதே 'மியூட்ல போடு, மியூட்ல போடு'ன்னு கத்திக்கினே உள்ள வர்றீங்க. இயர்போன் மாட்டினா காது போய்டும்னு பிடுங்கிடுறீங்க. நான் எங்க போய்க் கேக்கறது?"

இது நிஜம்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் சத்தம் எனக்கு ஆகாது. மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு வந்த குணம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது அதற்கும் முன்னாலேயே வந்தது. எங்கள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார், அதுவும் வருடக்கணக்கில் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள் நடப்பதே தனி. பகலில் பாத்திரம் வைத்தால் சத்தம் வராது, கதவு சாத்தினால் சத்தம் வராது. கீரைக்காரம்மாகூட எங்கள் வாசல் தாண்டுகிற வரை குரலைக் கம்மி பண்ணிக்கொண்டு போவார். அப்படி வளர்ந்தவன் நான்.

"சாக்கு சொல்லாத" என்றேன் மகளிடம். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம்.

"பெட்டு" என்றாள். "உங்க பழைய பொட்டியை எடுத்து டிவியில மாட்டுங்க. நீங்க பாடுற பாட்டு அப்படியே அதுல வந்துச்சுன்னா, பப்ளிக் எக்ஸாம் முடியற வரைக்கும் என் போன்ல கேமே கிடையாது, அழிச்சிடறேன். வரலேன்னா, இந்த வீட்ல நீங்க இனிமே 'மியூட்'ங்கற வார்த்தையே சொல்லக் கூடாது."

"நான் ரெடி."

"அம்மாதான் ஜட்ஜு."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றாள் என் மனைவி. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மகள் மகா கெட்டிக்காரி. பின்னால் நான் வார்த்தை மாற்றிவிடக் கூடாது என்று நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். பாட்டில் என்னென்ன வரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். நான் சும்மா அடுக்கினேன். டுண்டுக்கு டுடூ என்று ஆரம்பிக்கும். ஆள் குதிக்கும்போது ஒரு மூச்சு நின்று, கால் தரையைத் தொட்டதும் 'டிங்' என்று வரும். குழி பக்கத்தில் வந்தால் வேகம் ஜாஸ்தியாகும். குழியில் விழுந்து செத்தால் 'ப்ப்ப்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே லேசாக ஈரக் காற்று அடிக்கும்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஈரக் காத்தா? டிவியிலேர்ந்தா?"

"அந்தக் காலத்து டிவி அப்படி."

"வேற?"

"பாட்டு இடது காதுலதான் நல்லாக் கேக்கும்."

"டிவிக்கு ஒரு பக்கம் ஸ்பீக்கர் போய்டுச்சா?"

"உனக்கு இன்னா தெரியும்? எழுது" என்றேன். எழுதினாள். நான் சொன்னதற்கெல்லாம் கீழே என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரண் மேல் ஏறினேன். தலையணை உறைக்குள் சுற்றி வைத்த டிவி கேம் அப்படியே இருந்தது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் அப்பா தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தது. இரண்டு ரிமோட், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு கேம்தான். அடாப்டர் மட்டும் உப்பிப் போயிருந்தது. பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தோஸ்திடம் கொண்டுபோனேன். "பாய், இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று சிரித்துக்கொண்டே வேறொரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தான். மஞ்சள் பின்னை மஞ்சளில், வெள்ளைப் பின்னை வெள்ளையில் செருகி, கேசட்டின் அடியில் நான்கு முறை 'ஃபூ ஃபூ' என்று ஊதி மாட்டினேன். திரையில் எங்கள் குட்டி ஆள் வந்து நின்றான். ஏழெட்டுக் கட்டம் சேர்த்தால் அவன், அவ்வளவுதான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். என் மனைவி, "ஐயே, இதுக்கா அழுவுறீங்க?" என்றாள்.

"சவுண்டு வைங்கப்பா" என்றாள் மகள்.

டிவி சவுண்டை ஏற்றினேன்.

கீ கீ கீ, கிக்கிக் கீ. கீ கீ கீ, கிக்கிக் கீ.

கொஞ்சம் பொறுத்திருந்தேன். இது ஆரம்பம்தான், பாட்டு இனிமேல் வரும் என்று நினைத்தேன். மறுபடியும் கீ கீ கீ, கிக்கிக் கீ. குட்டி ஆளைக் குதிக்க வைத்தேன். மூச்சும் நிற்கவில்லை, டிங்கும் வரவில்லை. கீ கீதான். குழியில் தள்ளிக் கொன்றேன். 'டொக்' என்றது. ஈரக் காற்றும் இல்லை, ஒரு எழவும் இல்லை.

"வேற கேம் போட்டுட்டேன் போல" என்றேன். வரிசையாக எல்லா கேமையும் போட்டுப் பார்த்தேன். எட்டிலும் இல்லை. கேசட்டைக் கழற்றி மறுபடி ஊதினேன். அடாப்டரைத் திட்டினேன். வோல்டேஜைத் திட்டினேன். என் தோஸ்தை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. மகள் சோபாவிலிருந்து உருண்டு தரைக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாங்க, உங்க பாட்டு எங்கேங்க?" என்று ஜட்ஜ் கேட்டாள்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பெட்டில் தோற்பதற்காக இல்லை. தினமும் பாடுகிற ஒரு பாட்டு, ஒரு லைன் முழுக்கப் பாட வைத்த பாட்டு, அது எங்குமே இல்லையென்றால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதானே அர்த்தம்? சாட்சிக்கு உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அரக்கோணத்தில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் டிவி கேம் ஆடிய காலமெல்லாம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். உடனே போன் போட்டு, மகள் சொன்னபடி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, நம்ம டிவி கேம்ல ஒரு பாட்டு வருமே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் பாடினேன். டுண்டுக்கு டுடூ, டுண்டுக்கு டுடூ, டா.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு நிற்க நேரம் ஆகும், எங்கள் வம்சமே அப்படித்தான்.

"டேய், அது கேம்ல எங்கடா வந்துச்சு? அந்தப் பொட்டிக்கு நம்ம வீட்ல வாயே கெடையாதேடா! அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து அதே ரூம்லதான தூங்குவாரு. டிவி சவுண்டை ஜீரோவுல வெச்சாதான் கேம் போடவே விடுவாரு. 'பொம்ம ஓடட்டும், சத்தம் வரக் கூடாது'ன்னுவாரு, மறந்துட்டியா? நீ 'சத்தமே இல்லாம பேஜாரா இருக்குதுக்கா'ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்குவ. அப்பறம் நான்தான் உன் காதாண்ட வந்து வாயை மூடிக்கினு பாடுவேன்."

மகள் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "அத்தை, எந்தக் காது?"

"இடது காதுதான். வலது பக்கம் உங்க தாத்தா காலை நீட்டிக்கினு படுத்திருப்பாரே, எனக்கு எங்க எடம்?"

"கேம்ல அந்த ஆள் குதிச்சா டிங்னு வருமா?"

"ஆமா, அவன் குதிச்சா நான் மூச்சை நிறுத்திடுவேன். கீழ வந்ததும் டிங்."

"செத்தா ஈரக் காத்து அடிக்கும்னு சொல்றாரு அத்தை."

"எச்சிம்மா" என்றாள் அக்கா. "ப்ப்ர்ர்ன்னு ஊதும்போது தெறிக்கும்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். அப்போது அக்கா அதே சிரிப்போடு இன்னொன்று சொன்னாள்.

"சும்மாவா பாடினேன்? 'நீ பாடுக்கா, அடுத்த ஆட்டம் உனக்கு'ன்னு சொல்லுவான் உங்கப்பன். அடுத்த ஆட்டம், அடுத்த ஆட்டம்னு ரெண்டு வருஷம் ஓட்டினான். ஒரு தடவகூட ரிமோட்டை என் கையில குடுக்கல. இன்னொரு ரிமோட்டு ரிப்பேருன்னுட்டான். அப்பறம் நான் கம்பெனி வேலைக்குப் போய்ட்டேன், அவன் தனியா ஆடுனான். எனக்கு ஒரே ஒரு ஆசைதாம்மா. நான் பட்டனை அமுக்கினா அவன் குதிக்கிறானான்னு ஒருவாட்டி பாக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

இரண்டாவது ரிமோட் என் காலடியில் கிடந்தது. அது ரிப்பேர் ஆனதே இல்லை. அன்றைக்கு மத்தியானம்கூட அதை மாட்டிச் சரி பார்த்தேன், எல்லா பட்டனும் வேலை செய்தது. எனக்கு அப்படியே அவமானமாகிவிட்டது. பத்து வயதில் பொய் சொன்னது பெரிய குற்றமில்லை. அந்தப் பொய்யை மறந்துவிட்டு, அவள் பாட்டை மட்டும் என் பாட்டாக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனே, அதற்குத்தான் அவமானம். என் லைனில் எத்தனை பேருக்கு அதைப் பாடிக் காட்டியிருப்பேன்! ஒருத்தரிடமாவது 'எங்கக்கா பாட்டு' என்று சொன்னேனா?

போனை வைத்ததும் மகள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "அப்பா, நீங்க குதிச்சா மாறுது, சாகப் போனா வேகமாகுது. அத்தை பண்ணினதுதான் இப்ப வர்ற கேம் மியூசிக். அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்." ஜட்ஜ், "சவுண்டு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் என் வீட்டில் சத்தமான சத்தம். ஷூவைக் கழற்றும்போதே டூம் டூம் என்று வரவேற்பு. 'மியூட்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். வியாழக்கிழமை லைனில் நடந்துகொண்டிருந்தபோது தையல்காரப் பெண் ஒருத்தி, "இன்னா சார், பாட்டு மாத்திட்டீங்க?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தது மகளுடைய கேம் பாட்டு. வயலின் இறங்கி வருகிற இடம், நல்லாத்தான் இருக்கிறது. புதுப் பாட்டில் ஒரு குறையும் இல்லை, அதைக் கேட்க விடாமல் ஒரு தடியன் வீட்டில் இருந்தான், அதுதான் குறை. இதை மகளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை, டிவி கேமை அதே தலையணை உறையில் சுற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஆம்பூரில் ரயில் ஏறினேன். அரக்கோணம் போகிற வரைக்கும் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாடா, சொல்லாம கொள்ளாம?" என்று கேட்டவள், பையிலிருந்து நான் எடுத்ததைப் பார்த்ததும் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். மூக்குக்கண்ணாடியைப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் முதல் ரிமோட்டை, அந்த இரண்டு வருஷமும் நானே பிடித்திருந்த ரிமோட்டை, அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. மகள்தான் அவள் விரலை எடுத்துப் பட்டன் மேல் வைத்தாள்.

கீ கீ கீ, கிக்கிக் கீ என்று டிவி ஆரம்பித்தது.

"ஐயே, இத்த நிறுத்து" என்றாள் அக்கா. "நீ பாடு."

சவுண்டை ஜீரோவில் வைத்தேன். அவளுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்து, காதருகில் வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். டுண்டுக்கு டுடூ, டுண்டுக்கு டுடூ, டா. அக்கா பட்டனை அமுக்கினாள். குட்டி ஆள் குதித்தான். "குதிக்கிறான்டா!" என்று கத்தினாள். சத்தம் போட்டதும் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. எங்கள் அப்பா போய்ப் பல வருஷமாகிறது.

முதல் குழியிலேயே செத்தாள். நான் ப்ப்ப்ர்ர்ர் என்றேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "எச்சியைப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் முதல் குழி. அதற்கு மறுபடியும் முதல் குழி. மீன் வாசலிலேயே கிடந்தது, பூனை வருகிறதா என்று மகளைக் காவலுக்கு அனுப்பினாள். இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது இரண்டாவது குழி வரைக்கும் போகிறாள். எனக்குத் தொண்டை கட்டிப் போய்விட்டது, டிங் என்பது டங் என்று வருகிறது. சும்மா சொல்லக் கூடாது, ஆடுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கை பரபரவென்று இருந்தது.

"அக்கா, எனக்கு ஒருவாட்டி குடுக்கா. அந்தக் குழியைத் தாண்டிக் காட்டறேன்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ பாடுடா" என்றாள். "அடுத்த ஆட்டம் உனக்கு."